17 இஞ்ச் அலாய் மாட்டியதும் டைனோவில் 4 குதிரை குறைந்தது: வீல் எடைதான் காரணமா?

கோவை_ஸ்விஃப்ட்
ஸ்விஃப்ட் 1.2 பெட்ரோல், கே-சீரிஸ். கம்பெனி வீலில் (185/65 ஆர்15) ரோலர் டைனோவில் (வீலை உருளையில் ஓடவிட்டுப் பவர் அளக்கும் கருவி) வீல் பவர் 71 பி.எச்.பி. (குதிரைத்திறன்). 205/45 ஆர்17 மாட்டியபின் அதே டைனோவில் 67. டயரோடு சேர்த்து ஒரு வீல் 15 கிலோவிலிருந்து 18 கிலோ ஆகிவிட்டது. இன்ஜினில் எதையும் தொடவில்லை. லைட்வெயிட் அலாய், லைட் ஃப்ளைவீல் (இன்ஜினோடு சுழலும் கனச் சக்கரத்தின் எடை குறைந்த வகை) போட்டால் போனது திரும்புமா?

மூணாம்_கியர்
எடைக்குப் பங்கு உண்டு, ஆனால் ரொம்பச் சின்னது. இனர்ஷியா டைனோ, ரோலர் வேகம் பிடிப்பதை வைத்துத்தான் பவரைக் கணக்கிடும். வீலைச் சுழற்றி வேகமேற்றச் செலவாகும் பவர் அதன் கண்ணில் படாது.

கூடுதல் 3 கிலோ மையத்திலிருந்து 25 செ.மீ. தள்ளி இருப்பதாக வையுங்கள். முன்வீல் இரண்டுக்கும் சேர்த்துக் கூடும் இனர்ஷியா (சுழல வைப்பதற்கு வரும் எதிர்ப்பு) 0.375 கி.கி.மீ². மூன்றாம் கியரில் (மொத்த விகிதம் சுமார் 5.25) 2500-லிருந்து 6000 ஆர்.பி.எம். ஏற 12 விநாடி என்றால், 6000-இல் அது விழுங்குவது 260 வாட். அரைக் குதிரைகூட இல்லை! பின்வீல்கள் டைனோவில் சுழலுவதே இல்லை.

கியரிங்கும் கிட்டத்தட்ட மாறவில்லை. பழைய டயர் விட்டம் 622 மி.மீ., புதியது 616.

டார்க்_ரெஞ்ச்
மேலே சொன்ன கணக்கு சரி. மீதி மூன்றரையை வேறு இடத்தில் தேடுங்கள்.

முதலில் இரண்டு பிரிண்ட்டையும் எடுத்து கரெக்‌ஷன் (அன்றைய வெப்பம், காற்றழுத்தத்துக்கு ஏற்ப ரீடிங்கைத் திருத்தும் முறை; எஸ்.டி.டி., எஸ்.ஏ.இ. என்று வகைகள் உண்டு) எது என்று பாருங்கள். எஸ்.டி.டி. கரெக்‌ஷன் எஸ்.ஏ.இ.யை விடச் சுமார் 4 சதவீதம் கூட்டிக் காட்டும். 71-க்கு அதுவே கிட்டத்தட்ட 3 பி.எச்.பி.

அடுத்தது வண்டியை டைனோவில் இழுத்துக் கட்டும் ஸ்ட்ராப். ஒருநாள் இறுக்கி, இன்னொருநாள் தளர்த்திக் கட்டினால் டயர் ரோலரில் அழுந்துவது மாறும், இழப்பும் மாறும். காற்று குறைவாக இருந்தாலும் இதே கதைதான். அகலமான, பிடிப்பு அதிகமான டயர் சூடாகி இன்னும் கொஞ்சம் தின்னும்.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஒரே நாளில் 15, 17, மறுபடி 15 என்று மாற்றி ஓட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று புல் (ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தி எடுக்கும் ஓட்டம்). கூலன்ட், இன்டேக் வெப்பம், டயர் காற்று, கியர், ஃபேன் நிற்கும் இடம் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். கடைசி 15 முதல் 15-ஓடு ஒத்துவரவில்லை என்றால் அன்றைய ரீடிங் எதையும் நம்பாதீர்கள்.

வால்வு_ஓவர்லாப்
ஃப்ளைவீல் கேள்விக்கு வருகிறேன். 10 செ.மீ. ஆரத்தில் 3 கிலோ குறைத்தால், மேலே உள்ள அதே புல்லில் 575 வாட் கூடுதலாகத் தெரியும். வீலைவிட அதிகம், ஏனென்றால் அது இன்ஜின் வேகத்தில் சுழல்கிறது. ஆனால் இன்ஜின் ஒரு துளி பவரும் கூடுதலாகத் தருவதில்லை. ஆர்.பி.எம்.மை நிறுத்திப் பிடித்து அளக்கும் லோட் டைனோவில் இந்த வித்தியாசமே வராது. லைட் ஃப்ளைவீலோடு டிராஃபிக்கில் ஏ.சி. போட்டு க்ளட்ச் விடும்போது வண்டி எளிதில் ஆஃப் ஆகலாம். தினசரி வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வீல் எடையைக் குறைப்பது ரோட்டில் உண்மையாகவே உதவும். வீலுக்கு 3 கிலோ கூடினால், ஆக்சிலரேஷனைப் பொறுத்தவரை வண்டியில் 5 கிலோ ஏற்றியதற்குச் சமம்; நான்குக்கும் 20 கிலோ. மேடுபள்ளத்தில் சஸ்பென்ஷன் படும் பாடு தனி.

ஒரு எச்சரிக்கை: லைட்வெயிட் க்ராங்க் புல்லி (இன்ஜினின் முதன்மைத் தண்டான க்ராங்கின் முனையில் பெல்ட் ஓடும் சக்கரம்) என்று விற்பதை வாங்குமுன் உங்கள் புல்லியின் நடுவில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது டேம்பர், க்ராங்க் முறுக்கி அதிர்வதைத் தணிக்க வைத்தது. அங்கே வெறும் அலுமினியம் மாட்டினால் க்ராங்க், பேரிங், ஆயில் பம்ப் என்று செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.