சார்க் நொதி எப்போது வேலை செய்வது என்று எப்படித் தெரிந்துகொள்கிறது?

சிப்புட் மாணவி:
தோட்டத்தில் லைன் விட்டு விட்டுத்தான் கிடைக்கும், பதிலை மெதுவாகப் பார்ப்பேன். கைனேஸ் என்றால் புரதங்களில் பாஸ்பேட் ஒட்டும் நொதி, சார்க்கும் (Src) அதில் ஒன்று. ஆறாம் படிவப் பாடம் அதோடு சரி. பாஸ்பேட்டைக் கொடுக்கும் ஏடிபி செல்லுக்குள் எப்போதும் இருக்கிறதே, பிறகு சார்க் ஏன் சும்மா கிடக்கிறது?

ஈப்போ லேப் அக்கா:
நல்ல கேள்வி தங்கச்சி. சார்க்கின் வாலில் 527ஆவது இடத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலம். சிஎஸ்கே என்ற வேறொரு கைனேஸ் அதில் பாஸ்பேட் ஒட்டிவிடும். பாஸ்பேட் ஏறிய டைரோசினைப் பிடிக்கும் எஸ்எச்2 என்ற பகுதி சார்க்கிலேயே உண்டு, உடனே அது அந்த வாலைக் கவ்விக்கொள்ளும். எஸ்எச்3 என்ற இன்னொரு பகுதி நடுவிலுள்ள இணைப்புத் துண்டைப் பிடிக்கும். மடக்குக் கத்தி மாதிரி மடங்கி, வேலை செய்யாமல் கிடக்கும். எனக்குப் பிடித்த விஷயம், வாலை அது பிடிக்கும் பிடி அவ்வளவு இறுக்கமில்லை. இன்னும் நன்றாகப் பொருந்தும் பாஸ்போடைரோசின், அதாவது பாஸ்பேட் ஏறிய டைரோசின், வேறு புரதத்தில் கிடைத்தால் எஸ்எச்2 அங்கே தாவிவிடும், மடிப்பு திறந்துவிடும். அப்புறம் 416ஆவது டைரோசினிலும் பாஸ்பேட் ஏறும், முழு வேகம்தான்.

பழைய வாத்தியார்:
அந்த எண்கள் கோழியின் சார்க்குக்கு உரியவை அம்மா. மனிதரில் 527 என்பது 530. 1911இல் பெய்டன் ரௌஸ் கோழிக் கட்டியில் கண்ட வைரஸின் சார்க்கில் அந்த வால் நுனியே கிடையாது. பூட்ட வழியில்லை, அதனால்தான் புற்று.

சிப்புட் மாணவி:
நன்றி சார். எஸ்எச்2 உள்ள நொதிகள் எல்லாம் இப்படித்தானா?

ஈப்போ லேப் அக்கா:
இல்லை. எஸ்எச்பி2 பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி. அதில் முதல் எஸ்எச்2 நேராக வினைமையத்தின் வாயையே அடைத்துக்கொண்டு உட்காரும். சார்க்கில் எஸ்எச்2 பிடிப்பது வினைமையத்துக்குப் பின்பக்கம்.