ஒரு நாளைக்கு இத்தனை மருந்துச் சீட்டுக்கு இத்தனை பார்மசிஸ்ட்னு சட்டம் இருக்கா?

கவுன்டர்காரன்:
வணக்கம் நண்பர்களே. டி.பார்ம் (பார்மசி டிப்ளமோ) முடிச்சு ஏழு வருஷமா ஒரே மெடிக்கல்ஸ்ல வேலை பாக்குறேன், ஊர் பேர் வேணாம். மாடில மூணு டாக்டர் கிளினிக், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கவுன்டர்ல நிக்க இடம் இருக்காது. பார்மசிஸ்ட் நான் ஒருத்தன்தான், கூட இருக்குற பசங்க ரெண்டு பேரும் வேலை பழகினவங்க, படிச்சவங்க இல்ல. போன வாரம் ஒரு பெரியம்மாவுக்கு சுகர் மாத்திரை கிளிமிபிரைடு 1 எம்ஜி குடுக்க வேண்டிய இடத்துல 2 எம்ஜி ஸ்ட்ரிப்ப வெட்டி கவர்ல போட்டுட்டோம். அவங்க பேரன் "அட்டை கலர் வேறயா இருக்கே அண்ணே"னு படியில இருந்து திரும்பி வந்ததால தப்பிச்சோம். அன்னிக்கு நைட் தூக்கமே வரல. இவ்ளோ பில்லுக்கு இத்தனை பேர் இருக்கணும்னு எங்கயாவது ரூல் இருக்கா?

லைசென்ஸ்ராஜா:
தம்பி, நம்ம சட்டம் யார் குடுக்கணும்னு சொல்லுது, எத்தனை பேர்னு சொல்லல. 1948 பார்மசி சட்டத்துல 42வது பிரிவு, பதிவு பண்ண பார்மசிஸ்ட் தவிர யாரும் டாக்டர் சீட்டுக்கு மருந்து குடுக்க கூடாது. மருந்து விதிகள்ல 65வது விதியும் அதே மாதிரிதான், அவர் நேரடி மேற்பார்வைல குடுக்கணும். ஒரு நாளைக்கு 30 சீட்டு வர்ற கடைக்கும் 300 வர்ற கடைக்கும் அதே ஒருத்தர் போதும், அதான் பிரச்சனை. நெறைய கடைல அந்த ஒருத்தர் கூட சுவத்துல பிரேம் போட்ட சர்டிபிகேட்டா மட்டும்தான் இருக்காரு, மாச வாடகை வாங்கிட்டு வேற ஊர்ல வேற வேலை. நீ நேர்ல நிக்கிறியே, அதுவே பெரிசு.

சாக்ரமென்டோஅக்கா:
நான் கலிபோர்னியால பார்மசிஸ்ட். இங்க ஏபி 1286னு ஒரு சட்டம் 2023ல வந்து 2024 ஜனவரில இருந்து நடைமுறைல இருக்கு. மாநிலத்துல 75 கடையோ அதுக்கு மேலயோ வச்சிருக்கற செயின்ல, பார்மசி வேலைய மட்டுமே பாக்குற ஒரு கிளர்க்கோ டெக்னீஷியனோ எப்பவும் பார்மசிஸ்ட் கூட இருக்கணும். முன்னாடி உதவிக்குனு அனுப்பற ஆள் ஷாம்பு அடுக்கிட்டு இருப்பான், நாங்க கூப்பிட்டா வரணும், வருவானா! விலக்கும் இருக்கு: காலைல 8க்கு முன்னாடி, சாயங்காலம் 7க்கு அப்புறம் இது கட்டாயம் இல்ல, சராசரி ஒரு நாளைக்கு 75 சீட்டுக்கு கீழன்னாலும் கட்டாயம் இல்ல (ரெண்டுமே 75, குழப்பிக்காதீங்க). ஆனா தடுப்பூசியும் போடச் சொன்னா அந்த 75 சீட்டு விலக்கு செல்லாது, அது நல்ல விஷயம். ஏழு மணி விலக்குதான் எனக்கு கடுப்பு, ஆபீஸ் முடிஞ்சு வர்றவங்க எல்லாம் எப்போ வர்றாங்களாம்?
எனக்கு பிடிச்சது வேற ஒண்ணு. நிலமை ஆபத்தா இருக்குனு பார்மசிஸ்ட் மேனேஜ்மென்ட்கிட்ட சொல்லலாம், 24 மணி நேரத்துல சரி பண்ணலேன்னா மாநில பார்மசி போர்டுக்கு தகவல் போகணும். மருந்து மாறிப்போச்சுன்னா 14 நாள்ல ரிப்போர்ட் பண்ணணும். அதுக்கும் முன்னாடியே 2022ல இருந்து ஒரு மணி நேரத்துக்கு இத்தனை சீட்டுனு கோட்டா வைக்க கூடாதுன்னு தடை வந்துடுச்சு.

டோக்கியோடுபாளையம்:
நீங்க கேட்ட மாதிரியே கணக்கு ஜப்பான்ல இருக்கு ப்ரோ, எங்க வீட்டு பக்கத்து கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். ஒரு பார்மசிஸ்டுக்கு ஒரு நாளைக்கு 40 சீட்டு, போன வருஷ சராசரிய 40ஆல வகுத்து மேல முழு எண்ணா எடுத்து அத்தனை பேர் வைக்கணும். கண், பல், காது மூக்கு தொண்டை சீட்டுன்னா மூணுல ரெண்டு பங்குதான் கணக்கு. இப்போ மெஷினே மாத்திரைய பிரிச்சு பாக்கெட் போட்டுடுது, 40ங்கறது பழைய காலத்து எண், தளர்த்துங்கனு ஒரு பக்கம் கேக்குறாங்க. மெஷின் யாருக்கு என்ன அலர்ஜினு கேக்குமான்னு பார்மசிஸ்டுங்க பதில் சொல்றாங்க.

பில்போடுபவன்:
எல்லாம் சரி, எங்க தெருவுல சின்ன கடை வச்சிருக்கற மாமாகிட்ட மூணு பார்மசிஸ்ட் வைனா ஷட்டர இறக்கிட்டு போயிடுவாரு, கடைசில பெரிய செயின் மட்டும்தான் நிக்கும். ரூல் போட்டா கூட்டம் அதிகமா வர்ற கடைக்கு மட்டும் போடணும்.

லைசென்ஸ்ராஜா:
அதனாலதான அக்கா சொன்ன சட்டம் 75 கடையோ அதுக்கு மேலயோ உள்ளவங்களுக்குனு இருக்கு. எனக்கு வேற சந்தேகம், ஒருத்தர் இருக்காரான்னே பாக்க டிரக் இன்ஸ்பெக்டருக்கு நேரம் இல்ல, நாலு பேர் இருக்காங்களான்னு யார் வந்து எண்ணுவா?

கவுன்டர்காரன்:
எல்லாருக்கும் நன்றி. நேத்து கடை சாத்தும்போது பில் நம்பர் பாத்தேன், 231. சோப்பு, டயப்பர், கோரோசனைனு பாதிய கழிச்சா கூட ஜப்பான் கணக்குல மூணு பேர் வருது. இத ஓனர்கிட்ட காட்டினா சிரிச்சுட்டு டீ சொல்லுவாரு, அவரும் கெட்டவர் இல்ல. ஆறுல இருந்து ஒன்பது வரைக்கும் மட்டும் இன்னொரு டி.பார்ம் ஆள பார்ட் டைமா போடுங்கனு கேக்க போறேன், அது வரைக்கும் ஸ்ட்ரிப்ப வெட்டுறது பசங்க இல்ல, நானே.