மறு: செத்த நுண்ணுயிருக்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்குள்!)

அன்பர்களுக்கு வணக்கம்.

காட்டு மண்ணைப் பற்றிய சிறுவர் நூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'நெக்ரோமாஸ்' என்ற ஒரே சொல்லில் நான்கு நாளாகச் சிக்கி நிற்கிறேன். செத்த பாக்டீரியா, பூஞ்சைகளின் செல்சுவரும் பிற மிச்சங்களும் சேர்ந்த மொத்தம் அது. 'நுண்ணுயிர் எச்சம்' என்று எழுதி, எதிர்வீட்டு எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் பால்கனி வலையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "புறா போடுவதா, ஆன்ட்டி?" என்றாள். பெங்களூரு அடுக்ககங்களில் எச்சத்துக்கு வேறு பொருள் கிடையாது.

— அல்சூரிலிருந்து

அம்மா, புறாவுக்குப் பயந்து எச்சத்தைக் கைவிடுவதா? தொல்காப்பியத்தில் எச்சவியல் என்று ஓர் இயலே இருக்கிறது. 'எச்சத்தாற் காணப் படும்' என்ற குறளில் பரிமேலழகர் நன்மக்களை அல்லவா கண்டார்! சரி, பிள்ளைகள் சிரிப்பார்கள் என்றால் 'மாய்திரள்' என்று வையுங்கள். மாய்ந்த, மாய்கின்ற, மாயும் திரள், வினைத்தொகை. நடுவில் 'த்' போட்டுவிடாதீர்கள், வினைத்தொகையில் வல்லினம் மிகாது. 'சவத்திரள்' என்று யாரோ எழுதியிருந்தார். சவம் வடசொல்.

— மல்லேசுவரத்திலிருந்து

புலவர் ஐயாவுக்கு வணக்கம். மாய்தலுக்கு மறைதல் என்றும் பொருள் உண்டே. இங்கே கதையே மறையாமல் கிடப்பதைப் பற்றியது. மண்ணின் கரிமக் கார்பனில் உயிரோடிருக்கும் நுண்ணுயிர்களின் பங்கு பெரும்பாலும் நூற்றுக்கு 1 முதல் 3 வரைதான். செத்தவற்றின் பங்கோ, மிதவெப்பக் காடுகளின் மேல்மண்ணில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று என்று மதிப்பிடுகிறார்கள். செத்ததில் நிறையவற்றை அடுத்த தலைமுறை தின்றுவிடும். தப்பியது களிமண் துகளிலும் இரும்பு ஆக்சைடிலும் ஒட்டிக்கொள்ளும். செம்மண்ணுக்குச் சிவப்பைத் தருகிற அதே ஆக்சைடுதான். மண்கட்டிக்குள் அகப்பட்டால் நொதிகளுக்கு எட்டாது. அப்படித்தான் பல பத்தாண்டுகள், சில வேளை அதற்கும் மேல், நீடிக்கிறது.

இதை ஆய்வகத்தில் யாரும் தராசில் வைப்பதில்லை. செல்சுவரில் இருக்கும் அமினோ சர்க்கரைகளை அளந்து கணக்கிடுகிறோம். மியூராமிக் அமிலம் இருந்தால் பாக்டீரியா. குளுக்கோசமைன் பெரும்பாலும் பூஞ்சையின் கைட்டினிலிருந்து வருவது. ஆகவே நெக்ரோமாஸின் 'மாஸ்' என்பதற்கு 'நிறை' என்று போட வேண்டாம். இலங்கைப் பாடநூலில் நிறை என்றால் எடை, மாஸ் அங்கே திணிவு. அந்தச் சண்டையை இன்றைக்குத் தொடங்கினால் வெள்ளிக்கிழமை வராது. 'உடலெச்சம்' போதாதா? உடல் என்ற சொல் வந்ததும் புறா பறந்துவிடும்.

— எலகங்காவிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. 'நுண்ணுயிர் உடலெச்சம்' என்று அனுப்பிவிட்டேன். மூவர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு, மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள். பக்கம் 14இல் 'மக்கு' என்றிருந்ததையும் 'மட்கு' என்று திருத்திவிட்டேன்.

— அல்சூர்

ஒரு செல்லுக்கு ஏதம்மா உடல்? மட்கு சரி. மறுபதிப்பில் மாய்திரளைப் பரிசீலியுங்கள்.

— மல்லேசுவரம்