பேக்கப்புக்குத் தனி மென்பொருள் வேண்டுமா, காப்பி பேஸ்ட் போதாதா?

நிலாமுற்றம்:
வீட்டுக் கணினி, விண்டோஸ் 11. படங்களும் ஆவணங்களுமாக 400 ஜிபி இருக்கும். மாதம் ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்க்கில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். போன வாரம் திறந்து பார்த்தால் ‘புதுசு’, ‘புதுசு 2’, ‘இதுதான் கடைசி’ என்று மூன்று ஃபோல்டர். எதில் எது இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. நல்ல பேக்கப் மென்பொருள் ஒன்று சொல்லுங்களேன்.

எட்டாம்பிட்:
மென்பொருளே வேண்டாம். விண்டோஸிலேயே ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளை இருக்கிறது. ஒரே வரியில் பேட்ச் ஃபைல் (கட்டளைகளை ஓட்டும் சிறு ஃபைல்) எழுதி டாஸ்க் ஷெட்யூலரில் போட்டுவிடுங்கள், தினமும் ராத்திரி தானாக ஓடும். நான் பல வருடமாக இப்படித்தான். ஃபைல் ஃபைலாகவே இருக்கும், எந்தக் கணினியில் செருகினாலும் திறக்கும். மேக்ரியம் ரிஃப்ளெக்ட் என்ற பேக்கப் மென்பொருளின் இலவசப் பதிப்பை நம்பி இருந்தவர்கள் கதை தெரியுமல்லவா? 2024 ஜனவரியோடு அதற்குப் பாதுகாப்புத் திருத்தமும் நின்றது. எனக்கு அந்தத் தலைவலி இல்லை.

துருவன்:
அந்த ஒரு வரியில் ‘மிர்’, அதாவது மிரர் செய்யச் சொல்லும் குறி, இருக்கிறதா சார்?

எட்டாம்பிட்:
இருக்கிறது. அது இல்லாவிட்டால் இங்கே அழித்த குப்பையெல்லாம் அங்கே தேங்கும்.

துருவன்:
அங்கேதான் சார் வினை. மிரர் என்றால் மூலத்தில் இல்லாததை அங்கேயும் அழி என்று அர்த்தம். என் தங்கையின் ஆய்வேடு இப்படித்தான் போனது. மின்வெட்டில் வேர்டு ஃபைல் பாழாகி 0 கேபி ஆகிவிட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. ராத்திரி மிரர் ஓடியது, பாழான ஃபைலை நல்ல ஃபைல் மேல் எழுதிவிட்டு ‘வெற்றி’ என்று லாக் போட்டது. காலையில் இரண்டு டிஸ்க்கிலும் 0 கேபி. டிஸ்க் செத்தால் மட்டும்தான் மிரர் கைகொடுக்கும். நம் கை செய்யும் தப்பை அது பத்திரமாக நகல் எடுத்து வைக்கும், அவ்வளவுதான்.

நிலாமுற்றம், உங்களுக்கு வேண்டியது பழைய வெர்ஷன்களை வைத்திருக்கும் ஒன்று. விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்தது, 11-இலும் கன்ட்ரோல் பேனலுக்குள் இருக்கிறது. மணிக்கொருமுறை மாறியதை மட்டும் எடுக்கும். ஆனால் டெஸ்க்டாப், லைப்ரரி மாதிரி சிலதை மட்டும்தான் தொடும். படங்கள் டி டிரைவில் இருந்தால் அந்த ஃபோல்டரை லைப்ரரியில் சேர்த்தால்தான் எடுக்கும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கட்டெறும்பு:
எதற்கு இவ்வளவு பாடு? எல்லாவற்றையும் கிளவுடில் போட்டு சிங்க் பண்ணிவிட்டுத் தூங்குங்கள்.

துருவன்:
சிங்க்கும் மிரருக்குத் தம்பிதான். இங்கே அழித்தால் அங்கேயும் போகும். கூகுள் டிரைவ் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும். 31-ஆம் நாள் ஞாபகம் வந்தால் யாரைக் கேட்பீர்கள்?

கட்டெறும்பு:
30 நாளில் ஞாபகம் வராத ஃபைல் அவ்வளவு முக்கியமா என்ன?

நிலாமுற்றம்:
படங்களை நான் வருடத்துக்கு ஒருமுறை திறந்தாலே அதிகம். எனக்கு 30 நாள் போதாது.

கட்டெறும்பு:
சரி, படத்துக்கு ஒப்புக்கொள்கிறேன்.

பரண்:
எல்லோரும் ஃபைலைப் பற்றியே பேசுகிறீர்கள். டிஸ்க் செத்தால் விண்டோஸ், டிரைவர்கள், செட்டிங்ஸ் எல்லாம் மறுபடி போட ஒரு வார இறுதி காலி. முழு டிஸ்க் இமேஜ், அதாவது விண்டோஸும் சேர்ந்த மொத்த டிஸ்க்கின் நகல், எடுங்கள். வீம் ஏஜென்ட் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு வீட்டுக்குத் தாராளம். முதலில் முழுசாக, பிறகு மாறியதை மட்டும்.

ஒன்று மட்டும் என் அனுபவத்தில் சொல்கிறேன், மென்பொருள் பெயர் வேண்டாம். இரண்டு வருடம் இமேஜ் ஒழுங்காக ஓடியது, தினமும் பச்சை டிக். டிஸ்க் போன அன்று, இமேஜை மீட்பதற்கான ரெஸ்க்யூ பென்டிரைவில் கணினியை பூட் செய்தேன். வெளி டிஸ்க் தெரிகிறது, இமேஜ் தெரிகிறது, புதிதாகப் போட்ட என்விஎம்ஈ டிஸ்க்கை மட்டும் காணவே காணோம். பட்டியல் காலி. அரை நாள் கழித்துத்தான் தெரிந்தது, அந்தப் பென்டிரைவில் என் மதர்போர்டின் சேமிப்பக டிரைவர் இல்லை. வேறொரு கணினியில் டிரைவரை இறக்கி, பென்டிரைவில் சேர்த்து, மறுபடி பூட் செய்த பிறகுதான் டிஸ்க் தலைகாட்டியது. இமேஜ் எடுக்கும் நாளிலேயே அந்தப் பென்டிரைவை ஒருதரம் பூட் செய்து, டிஸ்க் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். ரீஸ்டோர் பட்டனைத் தொட வேண்டாம், பார்த்தால் போதும்.

எட்டாம்பிட்:
பார்த்தீர்களா? மென்பொருளை நம்பினால் இந்தக் கதி. என் ஃபைல்கள் எனக்கு எப்போதும் கண்ணுக்குத் தெரியும்.

மூன்றாம்பிரதி:
கண்ணுக்குத் தெரிவது, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கும் தெரியும். 2017-இல் வான்னாக்ரை அடித்தபோது செருகியிருந்த வெளி டிஸ்க்குகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன. பேக்கப் முடிந்ததும் ஒயரைக் கழற்றுங்கள். உங்களுடையது தினமும் ராத்திரி ஓட, டிஸ்க் எப்போதும் செருகியே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பொதுவாகச் சொல்வது 3-2-1: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். இதைப் பரப்பியவர் பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர். நான் ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள் வைத்திருக்கிறேன். கருப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யத் தயங்காதவர்களுக்கு அது சொர்க்கம். ஒரே படம் பத்து ஃபோல்டரில் இருந்தாலும் ஒருமுறைதான் இடம் பிடிக்கும், எல்லாம் குறியாக்கத்தோடு. ஆனால் கடவுச்சொல் போனால் போனதுதான், மீட்க வழியே கிடையாது.

கட்டெறும்பு:
கடவுச்சொல்லை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

மூன்றாம்பிரதி:
இப்போது காகிதத்தில், பீரோவுக்குள். முன்பு பாஸ்வேர்டு மேனேஜரில் இருந்தது. அந்த மேனேஜரின் ஃபைல் அதே பேக்கப்புக்குள்! சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டியதை ஒரு சோதனை ரீஸ்டோரில்தான் கண்டுபிடித்தேன்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேப்பில் தவறுதலாக டேட்டாபேஸை அழித்துவிட்டார்கள். ஐந்து வகை பேக்கப், பிரதி ஏற்பாடுகள் இருந்தும் ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை என்று அவர்களே எழுதினார்கள். தற்செயலாக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு எடுத்த பிரதி கிடைத்தது.

நிலாமுற்றம்:
அப்படியானால் ஃபைல் ஹிஸ்டரி ஒரு டிஸ்க்கில், மாதம் ஒரு இமேஜ் இன்னொரு டிஸ்க்கில், அந்த இரண்டாவது அண்ணன் வீட்டில். படங்களைக் கிளவுடிலும் ஏற்றலாமா?

மூன்றாம்பிரதி:
ஏற்றுங்கள், பொறுமை வேண்டும். 400 ஜிபிக்கு, அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால், நிற்காமல் ஓடினாலும் மூன்றே முக்கால் நாள் ஆகும்.

துருவன்:
எட்டாம்பிட் சார், இன்னொரு சந்தேகம். ரோபோகாப்பி ஒரு ஃபைலை எடுக்க முடியாவிட்டால் 30 விநாடிக்கு ஒருமுறை பத்து லட்சம் தடவை முயலும், அதுதான் அதன் இயல்பு அமைப்பு. நீங்கள் அதைக் குறைத்திருப்பீர்கள்.

எட்டாம்பிட்:
ஆர் 1, டபிள்யூ 1. ஒரு விநாடி கழித்து ஒருமுறை மறுபடி முயன்றுவிட்டு அடுத்ததற்குப் போகும். இது தெரியாதா எனக்கு?

துருவன்:
அவுட்லுக்கை ராத்திரி மூடுவீர்களா? அவுட்லுக் மின்னஞ்சல்களை வைத்திருக்கும் பிஎஸ்டி ஃபைல் திறந்திருந்தால் ரோபோகாப்பி அதை எடுக்காது. பேக்கப் மென்பொருள்கள் ஷேடோ காப்பி வழியாக ஒரு நொடியின் நிலையை உறையவைத்து எடுக்கும். வெறும் காப்பிக்கு அந்த வசதி கிடையாது. லாகில் எரர் 32 (ஃபைலை வேறு மென்பொருள் பிடித்திருக்கிறது) என்று தேடிப் பாருங்கள்.

எட்டாம்பிட்:
தேடினேன். இருக்கிறது. வெளி டிஸ்க்கில் உள்ள பிஎஸ்டியின் தேதி போன வருடம் ஆகஸ்ட். அவுட்லுக்கை மூடுவதே இல்லை நான். மிர் விஷயத்தில் இன்னும் உங்களோடு ஒத்துப்போகவில்லை. அதை அப்புறம் பேசலாம், இப்போது அவுட்லுக்கை மூடிவிட்டுக் கையால் காப்பி ஓடவிட்டிருக்கிறேன். 31 ஜிபி. 12 சதவீதம் ஆகியிருக்கிறது.