எஞ்சின் தீ காட்சியில் ஆர்எம்எஸ்எஸ்டி குறையாமல் கூடுகிறது, எங்கே தவறு?

ஆய்வுமாணவி:
வணக்கம். போர் விமான பைலட்டுகளுக்கு சிமுலேட்டர் பயிற்சியின்போது ஏற்படும் மன அழுத்தத்தை அளக்கிறேன், முதுகலை ஆய்வுக்காக. காலை 7 மணிக்கு வந்ததும் பக்கத்து அறையில் 5 நிமிடம் உட்காரவைத்து பேஸ்லைன் (ஒப்பிட்டுப் பார்க்க ஓய்வுநிலை அளவு), கூடவே கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனை அளக்க ஒரு எச்சில் மாதிரி. பிறகு 40 நிமிடப் பறப்பு. கடைசி 6 நிமிடம் எஞ்சினில் தீ. இறங்கிய உடனே இரண்டாவது எச்சில் மாதிரி. துடிப்புக்கு மணிக்கட்டுப் பட்டை.

இதுவரை 8 பேர். தீ நேரத்தில் துடிப்பு ஏறுகிறது, சரி. ஆனால் அழுத்தத்தில் குறைய வேண்டிய ஆர்எம்எஸ்எஸ்டி (அடுத்தடுத்த துடிப்பு இடைவெளிகள் எவ்வளவு மாறுகின்றன என்பதன் அளவு) 5 பேருக்குக் கூடுகிறது. கார்டிசாலோ பறப்புக்குப் பிறகு எல்லோருக்குமே இறங்கியிருக்கிறது. "பைலட் என்றால் இரும்பு நெஞ்சு" என்று வழிகாட்டி சிரிக்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

துடிப்பெண்ணி:
பட்டை எந்தக் கையில்?

ஆய்வுமாணவி:
இடது கை. த்ராட்டில் பிடிக்கும் கைதான்... ஐயோ.

துடிப்பெண்ணி:
அதேதான். அந்தப் பட்டை தோலுக்குள் ஒளி பாய்ச்சி ரத்த ஓட்டத்தைப் பார்க்கிறது. கை அசைந்தால் துடிப்பைத் தவறவிடும். ஒன்று தவறினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். துடிப்பு இடைவெளி சுமார் 700 மில்லிவினாடி, உண்மையான ஆர்எம்எஸ்எஸ்டி 25. ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு துடிப்பு விட்டுப்போனால் 700 என்பது 1400 ஆகப் பதிவாகும், விடை 54 பக்கம் போய்விடும். நெருக்கடியில்தான் கை அதிகம் அசையும், அதனால் பிழையும் அங்கேதான் குவியும். மார்பில் எலக்ட்ரோடு ஒட்டி இசிஜி எடுங்கள், குறைந்தது 250 ஹெர்ட்ஸில் (வினாடிக்கு 250 முறை பதிவு). எடுத்த பிறகும் இடைவெளிகளை வரைபடமாகப் போட்டு உங்கள் கண்ணால் பாருங்கள். மென்பொருள் திருத்தியதை அப்படியே நம்ப வேண்டாம்.

மூச்சையும் பதியுங்கள். ரேடியோவில் பேசும்போது மூச்சு மாறும். நிமிடத்துக்கு 9க்குக் கீழே போனால் அதன் அலை 0.15 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கி எல்எஃப் எனும் குறைந்த அதிர்வெண் வரம்புக்குள் விழும். அதைப் பார்த்து "அழுத்தம் கூடிவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள்.

ஹார்மோன் பித்தன்:
கார்டிசால் என் பேட்டை. விழித்து 30 முதல் 45 நிமிடத்தில் அது உச்சம் தொடும், பிறகு பகல் முழுக்க இறங்கும். 7 மணிக்கு நீங்கள் பிடித்தது அந்தக் காலை உச்சத்தின் மிச்சம். தவிர, அழுத்தம் தொடங்கி 20–30 நிமிடம் கழித்துத்தான் எச்சிலில் கார்டிசால் உச்சத்துக்கு வரும். 6 நிமிடத் தீயை அணைத்துவிட்டு உடனே துப்பச் சொன்னால், தீக்கு முந்தைய பறப்பைத்தான் அளக்கிறீர்கள். பிற்பகலுக்கு மாற்றுங்கள். முடிந்தவுடன் ஒன்று, 15 நிமிடம் கழித்து ஒன்று, 30இல் ஒன்று எடுங்கள். மாதிரிக்கு முந்தைய ஒரு மணி நேரம் காபி, சாப்பாடு, பல் துலக்கல் கூடாது.

பழைய பயிற்றுநர்:
எனக்கு ஹார்மோன் தெரியாது, பைலட்டுகளைத் தெரியும். பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பவன் ஓய்விலா இருக்கிறான்? அடுத்து என்ன கோளாறு தரப்போகிறார்களோ என்று மனதுக்குள் செக்லிஸ்ட் ஓட்டிக்கொண்டிருப்பான். வேறொரு நாளில், சிமுலேட்டர் இருக்கையிலேயே, பறப்பு இல்லாமல் பேஸ்லைன் எடுங்கள். கோளாறே இல்லாத ஒரு பறப்பும் வேண்டும்: அதே பாதை, அதே அளவு ரேடியோ பேச்சு. இல்லையென்றால் வேலைப்பளுவையும் பயத்தையும் எப்படிப் பிரிப்பீர்கள்?

இன்னொன்று. இந்தப் பதிவு மருத்துவக் கோப்புக்கோ மதிப்பெண்ணுக்கோ போகாது என்று எழுத்தில் கொடுங்கள். வேலைப்பளு எவ்வளவு என்று நாங்களே குறிக்கும் நாசா-டிஎல்எக்ஸ் தாளைக் கொடுத்தால் "சிரமமே இல்லை" என்று கோடு போட்டுவிட்டுப் போகிறவர்கள் நாங்கள்.

ஆய்வுமாணவி:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். இசிஜியோடு, பிற்பகலில், 4 பேர் முடிந்தது. நால்வருக்கும் தீ நேரத்தில் ஆர்எம்எஸ்எஸ்டி குறைகிறது. கார்டிசால் முடிவு ஆய்வகத்திலிருந்து இன்னும் வரவில்லை. பழைய 8 பேரின் துடிப்புப் பதிவைத் தூக்கி எறிந்துவிட்டேன். அதை வழிகாட்டியிடம் சொல்வதற்குள் என் துடிப்பு எவ்வளவு ஏறியது என்று யாரும் அளக்கவில்லை.