ரயில் கரைக்கு அடியில் இருப்பது ஆலை வாய்க்காலா, வெறும் வடிகாலா?

வழிப்போக்கன்:
தண்டவாளம் பெயர்த்து எடுக்கப்பட்டுப் பல காலமாகச் சும்மா கிடக்கும் ரயில் பாதை ஒன்றில் போன வாரம் நடந்தேன். மண்கரை சுமார் 5 மீட்டர் உயரம். மேலே ஒரு பாதைக்குத்தான் இடம். கரையின் அடிவாரத்தில் முட்செடிக்குப் பின்னால் ஒரு சுரங்க வாய் தெரிந்தது. குனிந்தால் நுழையலாம், கணுக்கால் அளவு தண்ணீர், ஓட்டம் இல்லை. உள்ளே போய் மறுபக்கம் வெளியே வந்தேன். மொத்தம் 20 மீட்டர் இருக்கும். இரண்டு முனைகளிலும் செங்கல் வளைவு, நடுவில் மட்டும் 6 மீட்டருக்குக் கருங்கல். கல் பகுதியின் சுவர்களில் எதிரெதிராக இரண்டு செங்குத்துக் காடிகள், அதாவது பலகை செருகுவது போன்ற பள்ளக் கோடுகள். வெளியே சற்றுத் தள்ளி உடைந்த திரிகைக் கல் ஒன்று மண்ணில் புதைந்திருந்தது. ரயில் வருவதற்கு முன்பே அங்கே தண்ணீரில் ஓடிய மாவு ஆலை இருந்திருக்கிறது, இது அதன் வாய்க்கால் என்று சொல்கிறேன். சரிதானே?

பழைய சிக்னல்:
அவசரப்படாதீர்கள். மண்கரை போட்டால் அது பள்ளத்தாக்கில் அணை மாதிரி நிற்கும். மழைநீர் ஒரு பக்கம் தேங்கிக் கரையையே கரைத்துவிடும். அதனால் எந்த ரயில் கரையிலும் அங்கங்கே இப்படி ஓட்டை வைப்பார்கள். இங்கிலாந்தில் 1845இல் வந்த ரயில்வே சட்டம், பக்கத்து நிலத்துத் தண்ணீர் முன்பு போலவே வடியும்படி ரயில் கம்பெனி தன் செலவில் வழி விட வேண்டும் என்று கட்டாயமே ஆக்கியது. ஓட்டையைப் பார்த்ததும் ஆலை என்றால், உலகத்தில் ரயில் பாதையைவிட ஆலைகள்தான் அதிகம் இருக்கும்.

நடுவில் கல், ஓரத்தில் செங்கல் என்பதும் சாதாரணம். முதலில் கல்லில் கட்டியிருப்பார்கள், பிறகு கரையை அகலப்படுத்தியபோது செங்கல்லில் நீட்டியிருப்பார்கள். திரிகைக் கல் எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். உடைந்த கல்லை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சுவரில் வைப்பதும், வாசற்படி ஆக்குவதும் எங்கும் நடந்ததுதான்.

மழைத்துளி:
ஆலையா வடிகாலா என்பது அப்புறம். தனியாக உள்ளே போனீர்களா? ஓடாத தண்ணீர், அடியில் அழுகிய இலை. இதைவிட மோசமான கூட்டு வேண்டுமா?

வழிப்போக்கன்:
தீக்குச்சி கொளுத்திப் பார்த்துத்தான் போனேன் நண்பரே. நன்றாக எரிந்தது. இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது, காற்றும் வந்தது.

மழைத்துளி:
தீக்குச்சி எதையும் சொல்லாது. காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். 19.5க்குக் கீழே போனாலே பாதுகாப்பில்லை என்று கணக்கு. சுடரோ 16, 17 வரை இறங்கினாலும் எரியும். ஹைட்ரஜன் சல்பைடு விஷயத்தில் அதுவும் உதவாது. அழுகிய முட்டை நாற்றம் வரும் என்று மூக்கை நம்புவார்கள், ஆனால் அளவு கூடினால் அந்த வாயு மூக்கையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றது, நல்ல காற்று வந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில்தான் ஆள் விழுவான். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் காலில் கீறலோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வேறு. மேலே எங்கோ மழை பெய்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

பழைய சிக்னல்:
இதில் மழைத்துளியோடு முழுக்க ஒத்துப்போகிறேன். செங்கல் இடுக்கு வழியாக மண் கொட்டிக் கொட்டி மேலே பொந்து விழுந்த கரைகளைப் பார்த்திருக்கிறேன். மேலே நடப்பவருக்கும் ஆபத்து.

கல்தச்சன்:
கட்டட வேலை தெரிந்தவன் என்ற முறையில் ஒரு கணக்கு. மண்கரையின் சரிவு பொதுவாக 1 மீட்டர் உயரத்துக்கு ஒன்றரை மீட்டர் அகலம். 5 மீட்டர் உயரம் என்றால் பக்கத்துக்கு 7.5 மீட்டர். மேலே ஒற்றைப் பாதைக்கு 5 மீட்டர் சேருங்கள். அடி அகலம் 20 மீட்டர். வழிப்போக்கன் சொன்ன நீளமும் அதேதான்! ஆகக் கரை முதலிலேயே இந்த அகலத்தில்தான் போடப்பட்டது, அகலப்படுத்தவே இல்லை. அப்படியானால் 6 மீட்டர் கல் சுரங்கம் மட்டும் எந்தக் கரையைத் தாங்கியது? இரண்டு பக்கமும் 5 மீட்டருக்குச் செங்குத்துச் சுவர் எழுப்பினால் ஒழிய அவ்வளவு குட்டையாக முடியாது, வடிகாலுக்காக அந்தச் செலவை எந்தக் கம்பெனியும் செய்யாது. கல் பகுதி ரயிலுக்கு முந்தியது. ரயில்காரர்கள் இருந்ததை விட்டுவிட்டு இரு முனைகளிலும் செங்கல்லில் நீட்டியிருக்கிறார்கள்.

பழைய சிக்னல்:
இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவில்லை. ஒப்புக்கொள்கிறேன், அகலப்படுத்திய கதை போயிற்று. ஆனால் 6 மீட்டர் என்பது ஒரு வண்டிப் பாதையின் அகலம். பழைய சாலை ஒன்று ஓடையைத் தாண்டிய சின்னப் பாலமாக ஏன் இருக்கக் கூடாது? ஆலை எங்கே வந்தது?

வழிப்போக்கன்:
ஓடை இதில் ஓடவில்லையே. அது 40 மீட்டர் தள்ளித் தனிப் பாலத்துக்கு அடியில் போகிறது. ஆள் உயரத்துக்கும் மேல் பள்ளத்தில்!

கல்தச்சன்:
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? ஓடையைவிட 2 மீட்டர் உயரத்தில் பக்கவாட்டில் தண்ணீர் போகிறது என்றால் யாரோ அதைத் திட்டமிட்டுக் கொண்டுபோயிருக்கிறார்கள். தண்ணீர் தானாக மேட்டில் நடக்காது. ஆலை வாய்க்காலின் சூட்சுமமே இதுதான். ஓடையில் மேலே ஓரிடத்தில் தடுத்து, மலைச்சரிவை ஒட்டி ஏறத்தாழ மட்டமாக வாய்க்கால் வெட்டுவார்கள். ஓடை பாட்டுக்கு இறங்கிக்கொண்டே போகும், வாய்க்கால் உயரத்தைச் சேமித்துக்கொண்டே வரும். சேமித்த உயரம் முழுவதையும் ஆலையை ஓட்டும் தண்ணீர்ச் சக்கரத்தின் தலையில் ஒரே இடத்தில் செலவு செய்வார்கள். ஜான் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலப் பொறியாளர் மாதிரிச் சக்கரங்கள் வைத்துச் சோதித்து, மேலிருந்து விழும் தண்ணீர், அடியில் தள்ளும் தண்ணீரைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வேலை செய்யும் என்று 1759இல் வெளியிட்டார்.

ஆகவே சுரங்கத் தளத்தின் சரிவை அளந்தால் தெரியும். மறுபடி உள்ளே போக வேண்டாம், மழைத்துளி அடிக்க வருவார். தண்ணீர் ஓடவில்லை என்றீர்களே, அதன் மேற்பரப்பே மட்டப்பலகை. இரண்டு வாயிலும் ஒரு கம்பியை வண்டலைத் தாண்டித் தளம் தட்டும் வரை இறக்கி ஆழத்தை மட்டும் அளந்து வாருங்கள்.

மழைத்துளி:
இது நல்ல யோசனை. வெளியே நின்றபடி. கையுறையோடு.

வழிப்போக்கன்:
இன்று காலை போனேன். ஒரு வாயில் 11 சென்டிமீட்டர், மறு வாயில் 13. மூன்று தடவை அளந்தேன். 20 மீட்டருக்கு 2 சென்டிமீட்டர்தான் இறக்கம், ஆயிரத்துக்கு ஒன்று! கம்பியில் ஒட்டி வந்ததும் மாவு மாதிரி மெல்லிய வண்டல், கூழாங்கல் ஒன்றுகூட இல்லை.

பழைய சிக்னல்:
சரி, ஓடைப் பாலம் என்ற என் வாதத்தை விட்டுவிடுகிறேன். மெதுவாகத் தண்ணீர் போன வெட்டு வாய்க்கால்தான், அதன் மேல் வண்டிப் பாதைக்காகக் கல் மூடி. காடிகளில் தண்ணீரைத் தடுக்க அடைப்புப் பலகை இறக்கியிருப்பார்கள். ஆனால் வயலுக்குப் போகும் பாசன வாய்க்காலும் இதே மாதிரி சரிவை ஒட்டித்தான் வரும், அதற்கும் அடைப்புப் பலகை உண்டு. ஆலை என்று சொல்ல எனக்குச் சக்கரக் குழி வேண்டும். வாய்க்கால் முடியும் இடத்தில் ஆழமான ஒடுங்கிய கல் பள்ளம் இருக்க வேண்டும். அதன் சுவரில் சக்கரம் உரசி வில் போலத் தேய்ந்த கோடுகள் இருந்தால் மறுபேச்சு பேசமாட்டேன்.

வழிப்போக்கன்:
திரிகைக் கல் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. முழுக்கக் கொடி மூடியிருக்கிறது, குப்பைக்குழி என்று நினைத்து விட்டுவிட்டேன்.

பழைய சிக்னல்:
நானும் வரட்டுமா?

மழைத்துளி:
இரண்டு பேர் என்றால் போங்கள். ஒருவர் மேலேயே நிற்க வேண்டும்.