12 பேருக்கு வீட்டில் பீட்சா, ஓவன் ஒன்றுதான்

செந்தூல்_கிச்சன்:
சனிக்கிழமை ராத்திரி பெரியவங்க 8, பிள்ளைங்க 4. கொண்டோ (அடுக்குமாடி வீடு) சமையலறை, 250 டிகிரி வரை போகும் 60 லிட்டர் மின்சார ஓவன். பீட்சா கல் இல்லை. மதியம் பிசைந்தால் மாவு சாயங்காலத்துக்குள் புளித்துத் தளர்ந்து போகுது. அப்படியே சுட்டால் ஓரம் முறுகுது, நடு ஈரமாவே நிற்குது. நாலு பேர் சைவம். மாடு யாருக்கும் ஆகாது.

ஜெலுத்தோங்_மாவுக்கை:
அக்கா, சமையலறை 31 டிகிரியில் இருக்கும்போது வெளிநாட்டு ரெசிப்பியின் ஈஸ்ட் அளவு ஒத்து வராது. வெள்ளிக்கிழமை ராத்திரியே பிசைஞ்சிடுங்க. ‘தெப்போங் ரோத்தி’ (ரொட்டி மாவு) 1 கிலோ, ஐஸ் பெட்டி (ஃபிரிட்ஜ்) தண்ணி 620 மில்லி, உப்பு 20 கிராம், எண்ணெய் 20 மில்லி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம், அதாவது தலை தட்டி ஒரு டீஸ்பூன். பத்து நிமிஷம் பிசைஞ்சு உடனே ஐஸ் பெட்டிக்குள்ளே வைங்க, வெளியே பொங்க விட வேண்டாம். 235 கிராம் உருண்டையா ஏழு வரும், ஒவ்வொண்ணும் 10 அங்குலம். சுடுவதற்கு முக்கால் மணி நேரம் முன்னாடி வெளியே எடுத்தால் போதும். ரெண்டு மணி நேரம்னு எழுதியிருப்பதை நம்பினால் மாவு கையோடு ஒட்டிக்கிட்டு வரும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_ஓவன்:
நடு வேகாததற்குக் காரணம் அடியில் சூடு பத்தாததுதான். கனமான தட்டைக் கவிழ்த்து கீழ் அடுக்கில் வெச்சு, 250இல் அரை மணி நேரமாவது காய விடுங்க. பலகையில் ரவை தூவி, மாவை விரிச்சு, தள்ளுறதுக்கு முன்னாடி ஒரு தடவை குலுக்கிப் பாருங்க. அசையலைன்னா ஓரத்தைத் தூக்கி இன்னும் கொஞ்சம் ரவை. சாஸ் தடவின மாவு பலகையில் ரெண்டு நிமிஷத்துக்கு மேல் கிடந்தால் ஒட்டும்.

விருந்தாளிங்க வர்றதுக்கு முன்னாடியே ஏழையும் சாஸ் மட்டும் தடவி நாலு நிமிஷம் அரைவேக்காடா சுட்டுடுங்க. கம்பித் தட்டில் தனித்தனியா ஆறணும். சூட்டோடு அடுக்கினால் ஆவியில் நனைஞ்சு துவண்டிடும். அப்புறம் பிள்ளைங்களே மேலே தூவட்டும், ஆறு நிமிஷத்தில் வெந்திடும். ஒண்ணை எடுத்ததும் அடுத்ததை வைக்காம நாலஞ்சு நிமிஷம் விடுங்க. கதவைத் திறக்கிறப்போ சூடு இறங்கிடும்.

கிள்ளான்_சாம்பார்:
400 கிராம் டின் தக்காளி ஏழுக்கும் போதும். சமைக்க வேண்டாம், நசுக்கி உப்பு போட்டால் சரி. மொசரெல்லா ஒண்ணுக்கு 80 கிராம், கட்டியா வாங்கித் துருவுங்க. துருவி விற்பதில் ஒட்டாம இருக்க மாவுப்பொடி சேர்ப்பாங்க, சீரா உருகாது. தண்ணியில் மிதக்கும் மொசரெல்லா நடுவைக் குளமாக்கிடும். காளானை வெறும் சட்டியில் வதக்குங்க, டின் அன்னாசியைப் பிழியுங்க. பன்னீர் உருகாது, மொசரெல்லாவோடு சேர்த்துப் போடுங்க. கருவேப்பிலை எண்ணெயில் புரட்டாம போட்டால் கருகும்.

மாடு ஆகாதுன்னா சீஸ் லேபிளையும் பாருங்க. அசல் பார்மிஜியானோ சீஸ் கன்றுக்குட்டி ரென்னெட்டில் (கன்று வயிற்றிலிருந்து எடுக்கும் உறை நொதி) உறையுறது. சம்பல் (மிளகாய் விழுது) நெத்திலி அருமையா இருக்கும், ஆனா நெத்திலி இல்லாட்டியும் சம்பலில் பெலாச்சான் (இறால் விழுது) இருப்பதால் சைவத்துக்கு ஆகாது. சம்பலை எண்ணெய் பிரியும் வரை வற்ற விடுங்க, வறுத்த நெத்திலியைச் சுட்ட பிறகு தூவுங்க. சைவத்தை முதல்ல சுட்டு, வெட்டும் கத்தியையும் தனியா வைங்க.

செந்தூல்_கிச்சன்:
ஐஸ் பெட்டியில் ஏழு உருண்டைக்கு இடமில்லையே?

ஜெலுத்தோங்_மாவுக்கை:
பெரிய டப்பாவில் ஒரே கட்டியா வைங்க, மூடிக்குக் கீழே பாதி காலியா இருக்கணும். முக்கால் மணி நேரம்னு சொன்னது உருண்டையா வெச்சதுக்குத்தான்; இதை அரைவேக்காடு ஆரம்பிக்க ரெண்டு மணி நேரம் முன்னாடி உருட்டி எண்ணெய்த் தட்டில் மூடி வைங்க. அதுக்கும் குறைச்சலா ஆறப்போட்டால் விரிக்கும்போது சுருங்கிக்கிட்டே இருக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_ஓவன்:
இன்னொண்ணு, ஓவனையும் கெட்டிலையும் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் செருகாதீங்க. ரெண்டும் 2000 வாட்னு வைங்க, 13 ஆம்பியர் வயர் தாங்காது.